ஓர் அம்பு, இரண்டு கைகள்

மடிக்கணினியும் ஒரு மவுஸும் பக்கத்தில் இருந்தால், மேலே படிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. மவுஸைச் செருகுங்கள். டெஸ்க்டாப்பில் ஐகான் எதுவும் இல்லாத வெற்றிடத்துக்கு அம்பைக் கொண்டுபோங்கள். இடது கைக் கட்டைவிரலால் டச்பேடின் இடது பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மவுஸை நகர்த்துங்கள். திரையில் ஒரு செவ்வகம் விரியும். பட்டனை அழுத்தியது ஒரு கருவி, நகர்ந்தது வேறொரு கருவி. ஆனால் கணினி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அடுத்து, டச்பேடில் விரலை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே மவுஸை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அம்பு நின்ற இடத்திலேயே நடுங்கும். எந்தக் கை வேகமோ அந்தப் பக்கம் மெல்ல நகரும்.

சில மடிக்கணினிகளில் மவுஸைச் செருகியதும் டச்பேட் வேலை செய்வதை நிறுத்திவிடும். விண்டோஸ், மேக் இரண்டிலுமே இதற்கென்று செட்டிங்ஸில் ஒரு தேர்வு இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு அம்பு எங்கோ ஓடிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதை மாற்றிவிட்டுச் சோதனையைச் செய்யலாம்.

ஏன் இப்படி நடக்கிறது? மவுஸ் கணினியிடம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்தால் விளங்கிவிடும். அது சொல்வது மிகவும் கொஞ்சம். மேசையில் தான் எங்கே இருக்கிறோம் என்பது மவுஸுக்குத் தெரியாது. திரையில் அம்பு எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. யுஎஸ்பி மவுஸ் அனுப்பும் செய்தியின் மிக எளிய வடிவத்தில் மூன்றே பைட்டுகள்தான். எந்தெந்த பட்டன் அழுந்தியிருக்கிறது என்பது முதல் பைட்டில். போன முறை சொன்னதற்குப் பிறகு பக்கவாட்டில் எத்தனை படி நகர்ந்தது என்பது இரண்டாவதில். மேலும் கீழுமாக எத்தனை படி என்பது மூன்றாவதில். சாதாரண மவுஸிடம் கணினி நொடிக்கு 125 முறை இதைக் கேட்டு வாங்குகிறது. 'வலப்பக்கம் 4, கீழே 1', 'வலப்பக்கம் 6, கீழே 0' என்று போகும் அந்த உரையாடல். அம்பு இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்திருப்பது இயங்குதளத்தின் வேலை. வந்த எண்ணைப் பழைய இடத்தோடு கூட்டி, புதிய இடத்தில் அம்பை வரைகிறது.

வெறும் கூட்டல் என்பதால்தான் இரண்டாவது மவுஸைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டிலிருந்தும் எண்கள் வந்துகொண்டே இருக்கும். எது முன்னால் வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒன்று 5 என்றும் மற்றது கழித்தல் 5 என்றும் சொன்னால் அம்பு அசையாது. பட்டன்களும் அப்படித்தான். ஏதோ ஒரு கருவியில் இடது பட்டன் அழுந்தியிருந்தால், இடது பட்டன் அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து மவுஸ் செருகினாலும் இதே கணக்குதான். அம்பு மட்டும் ஒன்றே ஒன்று.

பேனா டேப்லெட் நுழைந்ததும் இந்தச் சமரசம் கெடுகிறது. அது நகர்வைச் சொல்வதில்லை, இடத்தைச் சொல்கிறது. டேப்லெட்டின் மேல் இடது மூலையில் பேனா இருந்தால் அம்பு திரையின் மேல் இடது மூலையில் இருந்தாக வேண்டும். 'இவ்வளவு நகர்ந்தேன்' என்ற இரண்டு கூற்றுகளைக் கூட்டிவிடலாம். 'இங்கே இருக்கிறேன்' என்ற இரண்டைக் கூட்ட முடியாது. ஆகவே கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் செல்லும். கணினியில் படம் வரைகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேனாவை டேப்லெட் மேலேயே கிடத்திவிட்டு மவுஸைத் தொட்டால், அம்பு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பேனா கிடக்கும் இடத்துக்கே தாவித் தாவித் திரும்பும். மவுஸில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பேனாவை எடுத்து அதன் தாங்கியில் வைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. திங்க்பேட் மடிக்கணினிகளின் விசைப்பலகையில் ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். ஐபிஎம் நிறுவனத்தில் டெட் செல்கர் உருவாக்கியது. 1992இல் வந்த திங்க்பேட் 700சி-யிலேயே அது இருந்தது. அந்தக் குமிழ் ஏறக்குறைய நகர்வதே இல்லை. விரல் எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளந்து, அந்த அழுத்தத்தை அம்பின் வேகமாக மாற்றுகிறது. டிராக்பாலோ மவுஸின் இனம்தான். கருவி அசையாமல் உட்கார்ந்திருக்க, பந்து மட்டும் உருளும். அதற்கு மவுஸைவிட வயது அதிகம். 1950களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காக டேட்டார் என்ற ராடார் திட்டத்தில் செய்த டிராக்பாலில், அந்த நாட்டு பவுலிங் விளையாட்டின் பந்தையே எடுத்து வைத்திருந்தார்கள்.

நகர்வு, இடம், அழுத்தம் என்று மூன்று விதமான பேச்சு. எல்லாவற்றையும் ஒரே அம்புக்குள் அடக்கிவிடுகிறது இயங்குதளம். கருவி எத்தனை இருந்தாலும் ஆள் ஒருவர், அவருக்குச் சுட்டும் கை ஒன்று என்பது அதன் அடிப்படை அனுமானம். இந்த அனுமானத்தை யார் எப்போது செய்தார்கள் என்று தேடிப் போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மவுஸைக் கண்டுபிடித்தவரிடம் அந்த அனுமானம் இல்லை.

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் உட்கார்ந்து 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் தருகிறார். மவுஸ், திரையில் எழுத்தைத் திருத்துவது, ஒரு சொல்லைச் சுட்டி இன்னொரு பக்கத்துக்குத் தாவுவது, தொலைவில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசுவது என்று பிற்காலம் பார்க்கப்போகிற பலவும் அந்த ஒரே அமர்வில் வந்துவிட்டன. அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவருடைய வலது கையைத்தான் பார்க்கிறார்கள். இடது கையைப் பாருங்கள். பியானோ கட்டைகள் போல ஐந்தே விசைகள் கொண்ட சிறிய பலகை ஒன்றின் மேல் அந்தக் கை இருக்கிறது. ஐந்து விசைகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அழுத்தினால் 31 சேர்க்கைகள் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு அது போதும். மவுஸின் பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் பெரிய எழுத்து, குறிகள் எல்லாம் வரும். வலது கை 'இதை' என்று சுட்ட, இடது கை 'அழி', 'நகர்த்து' என்று ஆணையிட்டது. ஒரு கை இன்னொரு கைக்காகக் காத்திருக்கவில்லை.

எங்கல்பார்ட்டின் குழு கருவிகளை மேம்போக்காகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் பில் இங்கிலிஷ் 1964இல் முதல் மவுஸைச் செய்தார்: ஒரு மரக்கட்டை, அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றோடு மோதவிட்டு அதைச் சோதித்தார்கள். போட்டியாளர்களில் முழங்காலால் இயக்கும் கருவி ஒன்றும் இருந்தது. மேசைக்கு அடியில் பொருத்தியிருப்பார்கள். காலை ஆட்டினால் அம்பு நகரும், இரண்டு கையும் விசைப்பலகையிலேயே இருக்கலாம். புதியவர்கள் அதில் மோசமாகச் செய்யவில்லை என்பது வேடிக்கையான செய்தி. பழகியவர்கள் கையில் மவுஸ் வென்றது.

ஐந்து விசைப் பலகை பிழைக்கவில்லை. அதன் 31 சேர்க்கைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டும். விலைக்கு விற்கும் கணினியோடு ஒரு பயிற்சி வகுப்பையும் சேர்த்து விற்க எந்த நிறுவனமும் விரும்பாது. ஜெராக்ஸின் ஆல்ட்டோ கணினியோடு கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுக் காணாமல் போனது. மவுஸ் மட்டும் தங்கியது. இடது கை மீண்டும் விசைப்பலகைக்குப் போய்விட்டது. சுட்டும் வேலை முழுக்க வலது கையின் தலையில் விழுந்தது. வசதிக்காக நடந்த விபத்து என்றுதான் இதைச் சொல்வேன். யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவாக எனக்குத் தெரியவில்லை.

இடது கையையும் சுட்ட விட்டால் என்ன ஆகும்? அதற்கு முன் சுட்டுவது என்ற வேலைக்கே ஒரு விதி இருக்கிறது. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்டது. இரண்டு உலோகத் தகடுகளை ஒரு முனையால் மாறி மாறித் தொடச் சொல்லி நேரத்தை அளந்தார். தொலைவு இரட்டித்தாலும், இலக்கின் அகலம் பாதியானாலும், நேரம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு கூடியது. பெரிய இலக்கைத் தொடுவது எளிது, சின்னதைத் தொடுவது கடினம் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட முடியும் என்பதுதான் ஃபிட்ஸ் சேர்த்தது. இந்தக் கணக்கை வைத்துத்தான் கருவிகளையும் கைகளையும் ஒப்பிடுகிறார்கள்.

1993இல் டொரோண்டோவில் காபாஷ், மெக்கன்சி, பக்ஸ்டன் மூவரும் மவுஸ், டிராக்பால், பேனா டேப்லெட் மூன்றையும் இரு கைகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய இலக்கு, குறைந்த தூரம் என்றால் பழகிய கை தெளிவாக முந்தியது. இலக்கு பெரிதாகி, தூரமும் கூடியபோது இரு கைகளும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. அதாவது இடது கைக்கு நுணுக்கம் வராதே தவிர, பெருவீச்சில் அது சோடை போகவில்லை. இன்னொரு முடிவும் கிடைத்தது. கை மாறும்போது மிகக் குறைவாகத் தடுமாற வைத்தது டிராக்பால். ஆனால் ஒட்டுமொத்தத் திறனில் அது மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் நின்றது. இடது கைக்கு என்று இரண்டாவது கருவி வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கைகள் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைத் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் கியார். 1987இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. எழுதும்போது எழுதுவது வலது கை மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். தாளுக்கு அடியில் கார்பன் தாளை வைத்து, பேனா மேசைப் பரப்பில் எங்கெங்கே பட்டது என்று பதிவு செய்து பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. தாள் முழுக்க எழுதி முடித்த பிறகும் மேசையில் பதிந்த பகுதி தாளைவிட மிகச் சிறியது. வலது கை ஒரு சிறிய வட்டாரத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்க, இடது கை தாளை மேலே மேலே தள்ளிக்கொடுத்திருக்கிறது.

இதிலிருந்து கியார் மூன்று விஷயங்களைச் சொன்னார். இடது கை களத்தை அமைக்க, வலது கை அந்தக் களத்துக்குள் வேலை செய்கிறது. இடது கை முதலில் நகர்கிறது, வலது கை பின்னால் வருகிறது. இடது கையின் அசைவு பெரிது, வலது கையினுடையது நுணுக்கமானது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடி எழுதியவர்களிடம் இந்தப் பங்கீடு இன்னும் துலக்கமாக இருந்தது. ஓலை இடது கையில் இருக்கும். வலது கையில் பிடித்த எழுத்தாணியின் முனைக்கு இடது கைக் கட்டைவிரல்தான் அண்டை. எழுத்தாணி அதில் சாய்ந்தபடி கீற, ஓலையை இடது கை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொடுக்கும். மேசையே இல்லாமல், ஒரு சாண் அகலம்கூட இல்லாத ஓலையில், வரி பிசகாமல் எழுத முடிந்ததற்கு இடது கைக்கும் பாதிப் பங்கு உண்டு.

இப்போது மவுஸுக்கு வருவோம். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி மவுஸைக் கொடுத்து, ஒரே மாதிரி வேலையைச் செய்யச் சொல்வது கியார் சொன்னதற்கு நேர் எதிரானது. அதில் லாபம் கிடைக்காது. கண் ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் கூர்ந்து பார்க்க முடியும். இரண்டு சின்ன ஐகான்களை இரண்டு கையால் ஒரே நேரத்தில் குறிபார்க்க நினைத்தால் இரண்டும் தவறும். இடது கைக்கு வேறு வேலையைக் கொடுத்தால்தான் பலன்.

பில் பக்ஸ்டனும் பிராட் மையர்ஸும் 1986இலேயே இதைச் சோதித்திருந்தார்கள். நீண்ட ஆவணம் ஒன்றில் ஓர் இடத்துக்குப் போய் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறையில் எல்லாவற்றையும் வலது கையே செய்தது: ஓரத்திலுள்ள உருள்பட்டைக்குப் போவது, இழுப்பது, திரும்பி வருவது, சொல்லைத் தொடுவது. இன்னொரு முறையில் ஆவணத்தை உருட்டுவது இடது கைக்கு. அதற்குத் தொட்டு இயக்கும் ஒரு பட்டையைக் கொடுத்தார்கள். இரு கை முறை, பழகியவர்களுக்கு 15 சதவீதமும் புதியவர்களுக்கு 25 சதவீதமும் சாதகமாக இருந்தது. புதியவர்களுக்குக் கூடுதல் லாபம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கையால் வேலை செய்வது கைதேர்ந்தவர்களின் வித்தை, சாதாரண ஆட்களுக்குக் குழப்பம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1997இல், ஐபிஎம் ஆய்வகத்தில் ஷுமின் ஜாய், பார்டன் ஸ்மித், டெட் செல்கர் மூவரும் இணையப் பக்கங்களைப் படிப்பதை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அப்போது சக்கரம் வைத்த மவுஸ் சந்தைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய சோதனையில் சக்கர மவுஸ் சாதாரண மவுஸைவிட நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. வலது கையில் மவுஸ், இடது கையில் உருட்டுவதற்கு ஒரு சிறு ஜாய்ஸ்டிக் என்ற ஏற்பாடு தெளிவாக முந்தியது. பிறகு என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. சக்கரம் உலகத்தை வென்றது. இடது கை ஜாய்ஸ்டிக் ஆய்வுக் கட்டுரையோடு நின்றது. ஒரே கருவியை வாங்கினால் போதும் என்கிற வசதிக்கு முன்னால் சில வினாடி மிச்சம் எடுபடவில்லை. சந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். மேசையில் இடம் என்பதும் ஒரு செலவுதான்.

கியாரின் சொல்படி நடக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. இயந்திர பாகங்களைக் கணினியில் வடிவமைக்கிறவர்களின் மேசையைப் பார்த்தால், இடது பக்கம் குண்டுக் குமிழ் வைத்த ஒரு கருவி இருக்கும். ஸ்பேஸ்மவுஸ் என்பார்கள். ஜெர்மனி விண்வெளி மையத்தில் கெர்ட் ஹிர்ட்சிங்கரின் குழு ரோபோ கைகளை இயக்கச் செய்த ஆய்வில் பிறந்தது. 1993இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்த ரோடெக்ஸ் ரோபோ கையை இயக்கியது அந்த வம்சத்துப் பந்துதான். அந்தக் குமிழைத் தள்ளலாம், இழுக்கலாம், தூக்கலாம், சாய்க்கலாம், திருகலாம். ஆறு விதமான அசைவு. அது திரையிலுள்ள அம்பைத் தொடுவதே இல்லை. இடது கை எஞ்சின் பாகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட, வலது கை மவுஸால் அதன் விளிம்பைத் தொட்டு அளவு மாற்றுகிறது. அம்பு ஒன்றுதான், கைகள் இரண்டுதான், சண்டை கிடையாது.

சரி, அம்பே இரண்டு வேண்டும் என்றால்? அதையும் செய்து பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹட்டரர் தன் முனைவர் பட்ட ஆய்வாக, லினக்ஸ் கணினிகள் அப்போது திரையை நிர்வகிக்கப் பயன்படுத்திய எக்ஸ் சர்வருக்குள் பல அம்புகளைக் கொண்டுவந்தார். 2009 அக்டோபரில் வந்த 1.7 பதிப்பில் அது எல்லோர் கைக்கும் கிடைத்தது. எக்ஸ்இன்புட் என்ற கட்டளையில் இரண்டே வரி. ஒன்று புதிய அம்பையும் அதற்குத் துணையாக ஒரு விசைப்பலகை அடையாளத்தையும் உருவாக்கும். மற்றது இரண்டாவது மவுஸைக் கழற்றி அந்த அம்போடு சேர்க்கும். உடனே திரையில் இரண்டு அம்புகள், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் உலாவும். இரண்டு விசைப்பலகை இருந்தால் இருவர் இரண்டு சன்னல்களில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம்.

அம்பை இரட்டிப்பாக்குவது எளிதாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் தலைவலி. பல்லாண்டுகளாக எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாம் 'அம்பு எங்கே இருக்கிறது?' என்று ஒருமையில் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டு இருக்கும்போது எதைச் சொல்வது? எக்ஸ் சர்வர் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'உன்னுடைய அம்பு இது' என்று ஒன்றை ஒதுக்கி வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. ஒரு பட்டன் மேல் அம்பு வந்ததும் அது நிறம் மாறும், அம்பு விலகியதும் பழைய நிறத்துக்குத் திரும்பும். இரண்டு அம்புகளும் அதன் மேல் இருக்கும்போது ஒன்று மட்டும் விலகினால்? பழைய மென்பொருள் 'விலகியாயிற்று' என்று நிறத்தை மாற்றிவிடும். இன்னொரு அம்பு அங்கேயே இருக்கும். ஒருவர் மெனுவைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் வேறிடத்தில் கிளிக் செய்தால் மெனு மூட வேண்டுமா, வேண்டாமா? ஒரே கோப்பை ஒருவர் ஒரு கோப்புறைக்கும் மற்றவர் குப்பைத்தொட்டிக்கும் இழுத்தால்? இவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மென்பொருளும் தானே யோசித்து முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவை யோசிக்கவில்லை.

தனி ஆளுக்கு இரண்டு அம்பு ஆடம்பரம் என்பது என் தீர்ப்பு. பல பேர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அது தேவை. இதற்கு நல்ல சான்று பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூருவிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா முதலியோர் 2006இல் மல்டிமவுஸ் என்ற முயற்சியை வெளியிட்டார்கள். கிராமப் பள்ளியில் ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள். மவுஸ் ஒரே ஒரு பிள்ளை கையில். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மவுஸ் விலை குறைவு, கணினி விலை அதிகம். அப்படியானால் ஆளுக்கொரு மவுஸ், ஆளுக்கொரு நிறத்தில் அம்பு கொடுத்தால் என்ன?

அடுத்து அவர்கள் 238 பிள்ளைகளிடம் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் சோதனை ஒன்றை நடத்தினார்கள். ஐந்து பேர் ஒரு கணினியில் ஐந்து மவுஸோடு கற்ற குழுக்கள், தனிக் கணினியில் தனியாகக் கற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமொத்தத்தில் இணையாகவே சொற்களைக் கற்றன. ஆனால் விளையாட்டை எப்படி வடிவமைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருந்தது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டி போடும் வடிவத்துக்கும், சேர்ந்து செயல்படும் வடிவத்துக்கும் விளைவில் பெரிய வேறுபாடு. அதிலும் பையன்கள் கற்றது வடிவத்துக்கு வடிவம் மாறியது; பெண் பிள்ளைகள் எந்த வடிவத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றார்கள். மென்பொருளில் ஒரு சிறு விதி மாறினால் வகுப்பறையின் குணமே மாறுகிறது. ஐந்து மவுஸ் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைக்கும் கல்வி அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

இனி, உங்கள் மேசைக்கு. கோடு வரைகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், பக்கம் வடிவமைக்கிறவர்கள் எல்லோரும் நாள் முழுக்க ஒரே மணிக்கட்டால் ஆயிரக்கணக்கான சின்ன அசைவுகளைச் செய்கிறார்கள். விசைப்பலகையின் வலது ஓரத்தில் எண்பலகை இருப்பதால், வலப்பக்க மவுஸுக்குக் கை இன்னும் விலகிப் போக வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் மவுஸ் வைத்தால் கை அவ்வளவு விலகாது. வலதில் மவுஸ், இடதில் டிராக்பால் என்று வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் கை மாற்றுகிறவர்கள் உண்டு. சுமையைப் பகிர்ந்துகொள்ள இது எளிய வழி. இதில் ஒரு சிக்கல்: இடது கைக்காகப் பட்டன்களை மாற்றி வைத்தால், விண்டோஸில் அது எல்லா மவுஸுக்கும் பொருந்திவிடும், வலது கை குழம்பும். லினக்ஸில் கருவி வாரியாகப் பட்டன் வரிசையையும் வேகத்தையும் தனித்தனியாக வைக்கலாம். விண்டோஸ்காரர்கள் பட்டன்களை மாற்றாமலே விட்டுவிட்டு, இடது கையில் நடுவிரலால் இடது பட்டனை அழுத்தப் பழகுவதுதான் நல்லது. நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிவிடும்.

காசு செலவில்லாமல் கியாரின் விதியைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய ஆப்டிகல் மவுஸ் ஒன்றை எடுங்கள். அடியில் வெளிச்சம் வரும் துளையின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள். இனி அது பெரும்பாலும் நகர்வைச் சொல்லாது. சக்கரமும் பட்டன்களும் மட்டும் வேலை செய்யும். அதை இடது கைப் பக்கம் வையுங்கள். இடது கை சக்கரத்தால் பக்கத்தை உருட்டட்டும். வலது கை சுட்டட்டும். ஒரு நீண்ட வரியைத் தேர்ந்தெடுக்கும்போது இடது கை பட்டனைப் பிடித்துக்கொள்ள, வலது கை அழுத்தமில்லாமல் வெறுமனே நகர்ந்தால் போதும். பட்டனை அழுத்தியபடி இழுப்பது விரலுக்குச் சுமை தரும் வேலை. அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

ஒரு வாரமாவது வைத்துப் பாருங்கள். முதல் நாள் தடுமாற்றத்தைக் கண்டு கழற்றிப் போட்டுவிடாதீர்கள். மணிக்கட்டில் ஏற்கெனவே வலியோ மரத்துப்போதலோ இருக்கிறதென்றால், இரண்டாவது மவுஸ் அதற்கு மருந்தல்ல. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.